லிஃப்டுக்குச் செய்த மரியாதை

எட்டு மாடி அரசாங்கக் கட்டிடத்துக்கு ஒரே ஒரு லிஃப்ட் வைத்தார்கள் என்றால், அதைக் கட்டியவர்கள் யாரை மனதில் வைத்துக் கட்டினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெரிய அதிகாரிகளின் அறைகளெல்லாம் தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் இருந்தன. நடக்க முடியாதவர்கள் வரவேண்டிய அலுவலகங்களை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். ஓய்வூதியப் பிரிவு ஆறாவது மாடி. "நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்று வருடத்துக்கு நான்கு முறை கையெழுத்துப் போட்டுவிட்டு வர, முட்டி தேய்ந்த கிழங்கள் எல்லாம் அங்கேதான் போயாக வேண்டும்.

அந்த லிஃப்டைப் பதினான்கு வருடம் ஓட வைத்தவர் ஒருவர் இருந்தார். மெக்கானிக் என்று சம்பளப் பட்டியலில் இருந்தாலும் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். லிஃப்டோ அவரைவிட மூத்தது. மழை பெய்தால் முனகும், வெயில் அடித்தால் நடுவழியில் நிற்கும், தணிக்கைக்கு ஆள் வரும் அன்று மட்டும் ஒழுங்காகப் போகும். தினமும் காலை ஒன்பது பத்துக்கு ஒருமுறை மேலே போய்க் கீழே வந்து, ஒரு நீள நோட்டில் தேதி போட்டு "ஓடுகிறது" என்று எழுதுவார். வீட்டுக்கு வந்தால் பேச்சு முழுக்க அதுதான். எந்த மாடியில் திக்கியது, எந்தக் கயிற்றுக்கு எண்ணெய் கேட்டது, கதவு ஏன் முறைத்துக்கொண்டது. அவருடைய மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். "என் சக்களத்தி இன்னைக்கு எப்படி இருந்தா?" என்று கேட்டுத்தான் அவருக்குத் தட்டு வைப்பாள்.

“லிஃப்ட் ஓடுற வரைக்கும் என் ஞாபகம் ஒருத்தனுக்கும் வராது. நின்னாத்தான் வரும். அதுவும் எங்கப்பன் பேரையும் சேர்த்துக்கிட்டு வரும்,” என்பார் லிஃப்ட்காரர். “யாருக்கும் என் ஞாபகம் வராம பாத்துக்கணும். என் உத்தியோகமே அவ்வளவுதான்.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டுக்குள் இருந்த பல்பு போய்விட்டது. அலுவலகக் கிடங்கிலிருந்து ஒரு பல்பு எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும், மூவரில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். ஆகவே அவர் நோட்டில் "ஓடுகிறது. பல்பு போய்விட்டது. வாங்கி வருகிறேன்" என்று எழுதிவிட்டு எதிரே இருந்த மின்சாமான் கடைக்குச் சாலையைக் கடந்து போனார். கடை வாசலில் ஒரு பை இருந்தது. அதை வைத்துவிட்டுப் போனவர்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கும் அவர்களைத் தெரியாது. உலகத்திடம் அவர்களுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்ததாம். அதைச் சொல்ல அவர்களுக்கு அகப்பட்டவர்கள், பல்பு வாங்கப் போனவரையும் சேர்த்து ஒன்பது பேர்.

அவர் மனைவி அழுத அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. சாயங்காலமானால் வாய் தானாக "இன்னைக்கு எப்படி இருந்தா?" என்று கேட்டுவிடும். கேட்ட பிறகுதான் வீடு காலி என்று உறைக்கும்.

பதினாறாம் நாள் நினைவுப் பாதுகாப்புத் துறை வீடு தேடி வந்தது. குண்டு வெடித்த மறுவாரமே தொடங்கப்பட்ட புத்தம்புதுத் துறை அது. வேறு இடம் இல்லாததால் அதே கட்டிடத்தின் ஏழாவது மாடியைக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இயக்குநர். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமி, கூட்டம் அடங்கக் காத்திருப்பார், அறையில் மூன்றே பேர் இருந்தாலும். மற்றவர் அவருடைய எழுத்தர். எதற்கும் ஒரு குறிப்புச் சேர்க்காமல் விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர்.

கடைசி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று இயக்குநர் கேட்டார். பல்பு வாங்கப் போனார் என்றாள். அது சரி, பையைப் பார்த்ததும் என்ன செய்தார் என்று கேட்டார்.

“பாத்திருந்தா ஓடி வந்திருப்பாருங்க. பயந்த மனுஷன்,” என்றாள் அவள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. இயக்குநர் பொறுமையாக விளக்கினார். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: தடுத்தார், காத்தார், எதிர்த்து நின்றார். இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் அரசாங்கத்தால் ஒருவரை நினைவுகூர இயலாது. அவள் யோசித்துப் பார்த்தாள். பதினான்கு வருடமாக லிஃப்ட் விழாமல் தடுத்தார் என்று போடலாமா என்று கேட்டாள். அது பராமரிப்பின் கீழ் வரும், வீரத்தின் கீழ் வராது என்றார் அவர். அப்போதுதான் அடிக்குறிப்பு மெல்லக் குனிந்து, பல்பு என்பது அடிப்படையில் வெளிச்சம்தானே என்று எடுத்துக்கொடுத்தார். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

ஆக, திறப்பு விழாவன்று லிஃப்டின் நெற்றியில் பித்தளைப் பலகை ஒன்று மின்னியது: "நாட்டுக்கு ஒளி கொண்டுவரச் சென்ற மாவீரர் நினைவு லிஃப்ட்." கதவுக்குக் குறுக்கே பட்டு நாடா. அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அந்த மாவீரரின் கைபட்ட இந்த லிஃப்டில் இனி ஒரு சாதாரணக் காலடி படாது. இதை ஓட விட்டால் மக்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பெயர் மறதி. மறதியை இந்தத் துறை ஒருபோதும் அனுமதிக்காது. அவர் விட்டுச்சென்ற இடத்தை எவராலும் நிரப்ப முடியாது.”

கைதட்டல் பலமாக இருந்தது. முக்கியமாகத் தரைத்தளத்துக்காரர்கள் தட்டினார்கள். லிஃப்டை ஒருநாள் மரியாதைக்கு நிறுத்துகிறார்கள், நாளைக்கு ஓடும் என்றுதான் அவளும் நினைத்தாள். அடுத்த வாரம் அந்தப் பேச்சு அப்படியே உத்தரவாக வந்தது. நிரப்ப முடியாத இடத்தை நிரப்பக்கூடாது என்பதால் மெக்கானிக் பதவி ரத்து. மறதியைத் தடுக்க லிஃப்ட் நிறுத்தம். நின்ற லிஃப்டைக் காக்க இரண்டு காவலாளிகள். நினைவிடத்துக்கு அருகில் இருப்பது கடமை என்று சொல்லி இயக்குநர் தன் அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். துறை மட்டும் ஏழாவது மாடியிலேயே இருந்தது.

குடும்பத்தார் தாங்கள் இன்னும் குடும்பத்தார்தான் என்று மாதம் ஒருமுறை அந்த ஏழாவது மாடியில் கையெழுத்துப் போடவேண்டும். முதல் தடவை ஏறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர். அவள் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

“ஊர்ல இருக்கிற படியெல்லாம் ஏறினவன்மா நான். அப்பல்லாம் ஒண்ணும் தெரியல. இந்த லிஃப்ட்காரன் செத்தும் என் முட்டியை விடமாட்டேங்கறானே. நல்லா இருப்பானா அவன்? உயிரோட இருக்கேன்னு சொல்லத்தான் போறேன், மேல போய்ச் சேர்றதுக்குள்ள அது பொய்யாயிடும்போல இருக்கு.”

தான் யார் என்று அவள் சொல்லவில்லை. பாட்டிலைக்கூடத் திரும்ப வாங்காமல் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். ஐந்தாவது மாடியில் இரண்டு பெண் ஊழியர்கள், கோப்பும் கையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு அதே பாட்டைப் பாடினார்கள். நாலைந்து மாதத்தில் அந்தக் கட்டிடத்தில் படி ஏறுவதற்கே "லிஃப்ட்காரனைத் திட்டிட்டு வர்றது" என்று பெயர் விழுந்துவிட்டது. டீ குடிக்கப் போனவர் எங்கே என்றால், கீழே போயிருக்கார், இப்போ லிஃப்ட்காரனைத் திட்டிக்கிட்டு வருவார் என்பார்கள். பதினான்கு வருடம் யார் வாயிலும் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதனின் பெயர் இப்படி எட்டு மாடியிலும் நாறியது. குண்டு வைத்தவர்களை அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் திட்டவில்லை. அவர்கள் பெயரில் பலகை இல்லையே. எப்படியாவது அந்த லிஃப்டை ஓட வைத்துவிட வேண்டும், அவர் பெயரை வசவிலிருந்து மீட்டுவிட வேண்டும், அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

லிஃப்டை ஓட விடுங்கள் என்று ஒரு மனு எழுதிக்கொண்டு தரைத்தளத்தில் இயக்குநரிடம் போனாள். மனு ஏழாவது மாடியில் அடிக்குறிப்பிடம்தான் கொடுக்கப்பட வேண்டும் என்றார் அவர். ஏறிக் கொடுத்தாள். அடிக்குறிப்பு அதில் ஒரு குறிப்பு எழுதி, தரைத்தளத்துக்கு எடுத்துப்போகச் சொல்லி அவளிடமே கொடுத்தார். இறங்கிக் கொடுத்தாள். இயக்குநர் படித்துவிட்டு, குறிப்புத் தெளிவாக இல்லை என்று மேலே திருப்பினார். அன்றைக்கு மட்டும் அவள் இரண்டு முறை தன் புருஷனைத் திட்டிவிட்டு வந்திருக்க வேண்டும், உலக வழக்கப்படி.

“அவரை ஜனங்க திட்டுறாங்க ஐயா,” என்றாள் கடைசியாக.

“திட்டுகிறார்கள் என்றால் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்,” என்றார் இயக்குநர். “வருடாந்திர அறிக்கையில் அதை எண்ணிக்கையாகவே போடப்போகிறோம்.”

லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பொடி எழுத்து பழக்கம். துறை அச்சடித்த கையேட்டை இரண்டு ராத்திரி வரி வரியாகப் படித்தாள். ஆறாவது பத்தியில் இப்படி இருந்தது: "நினைவுப் பொருள்கள் யாவும் சம்பவ நேரத்தில் இருந்த நிலையிலேயே பேணப்படும்." மறுநாள் அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் பக்கத்தில் அவர் விட்டுப்போன பையோடு சேர்த்துப் போலீஸார் அவளிடம் ஒப்படைத்த நோட்டு. கடைசிப் பக்கத்தை விரித்து, சம்பவ நேரத்தில் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டினாள். இயக்குநர் நோட்டைப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார், அடிக்குறிப்பைப் பார்த்தார். அடிக்குறிப்பு தரையைப் பார்த்தார்.

ஒரு துணைக்குழு நான்கு முறை கூடியது. முடிவு வந்தது. விதிப்படி லிஃப்ட் ஓட வேண்டியதுதான், ஆனால் ஆள் ஏறக்கூடாது.

மறுநாளிலிருந்து ஓடியது. காவலாளி காலையில் சுவிட்சைப் போட்டுவிடுவான். தரைத்தளத்தில் கதவு திறக்கும், காலியாக நிற்கும், மூடும். முதல் மாடியில் திறக்கும், நிற்கும், மூடும். இப்படியே எட்டு வரை போய்த் திரும்பும். அது கதவைத் திறந்து நிற்கும்போது அந்தந்த மாடியில் இருப்பவர்கள் எழுந்து நிற்கவேண்டும் என்று சுற்றறிக்கை. தபால்காரர் நான்காவது மாடியில் மூச்சிரைக்க நிற்பார். அவர் எதிரே லிஃப்ட் வந்து கதவைத் திறந்து, வா என்பதுபோல் காட்டி, மூடிக்கொண்டு போகும். நின்ற லிஃப்டையாவது மன்னித்த ஜனங்கள் இதை மன்னிக்கவில்லை. முன்பு அவரை மட்டும் திட்டியவர்கள் இப்போது அவர் வம்சத்தையே இழுத்தார்கள். அவள் தன் கெட்டிக்காரத்தனத்தை நொந்துகொண்டாள்.

முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. ஏழாவது மாடி அரங்கில் கூட்டம். நிகழ்ச்சி நிரல் அடிக்குறிப்பு தயாரித்தது, அதனால் எதுவும் விட்டுப்போகவில்லை. லிஃப்டுக்குள் இருக்கும் மணியையே நினைவு மணியாக வைத்திருந்தார்கள். இயக்குநர் உள்ளிருந்து அதை அழுத்தியதும் கட்டிடம் முழுவதும் தலை குனிந்து நிற்கவேண்டும். மணி ஓசை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மௌனம் மேலும் ஒரு நிமிடம் நீளும்.

ஏழு மாடி ஏறுவது எப்படி என்று இயக்குநர் யோசித்தார். வேலைக்காக ஏறினால் அது பயணம், மரியாதைக்காக ஏறினால் அது அஞ்சலி என்று தீர்ப்புச் சொல்லி லிஃப்டுக்குள் போனார். மலர்வளையத்தோடு அடிக்குறிப்பு போனார். குடும்பத்தார் என்ற முறையில் அவளையும் அழைத்தார்கள். படிக்கட்டின் அடியில் தபால்காரர் முட்டியைத் தடவிக்கொண்டு, அன்றைய ஏற்றத்துக்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். காவலாளி மறித்து, இவர் யாரு அக்கா என்றான். எங்க சித்தப்பா என்றாள் அவள். பெரியவர் ஒரு கணம் விழித்துவிட்டு, சித்தப்பா மாதிரி நின்றுகொண்டார்.

உள்ளே இருட்டு. பல்பு ஒரு வருடமாகப் போடப்படவில்லை, சம்பவ நேரத்து நிலை என்பதால். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. நான்காவது மாடி தாண்டியது, ஐந்து வரவில்லை. ஒரு குலுக்கு. நின்றது.

இயக்குநர் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். கடைசியில் மணியை அழுத்தினார். கட்டிடம் முழுக்கக் கணகணவென்று கேட்டது. அடுத்த நொடி எட்டு மாடியிலும் பேச்சு, தட்டச்சு, நாற்காலிச் சத்தம் எல்லாம் அடங்கியது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

“யாராவது இருக்கீங்களா?” என்று இயக்குநர் கத்தினார். இருந்தார்கள். சுமார் நானூறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. அவர் மறுபடி மணியை அடித்தார். மௌனம் ஒரு நிமிடம் நீண்டது. பதறிப்போய்த் தொடர்ந்து ஒன்பது தடவை அடித்தார். இயக்குநருக்கு அந்த மாவீரர்மேல் இவ்வளவு பக்தியா என்று வெளியே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்வி.

“மெக்கானிக்கைக் கூப்பிடு,” என்றார் அடிக்குறிப்பிடம்.

மெக்கானிக் பதவி ரத்து செய்யப்பட்டதை அடிக்குறிப்பு இருட்டில் தேதியோடு சொன்னார். யார் உத்தரவு என்று இயக்குநர் கேட்க, தங்கள் உத்தரவுதான் ஐயா என்றார். இயக்குநருக்கு மூச்சு முட்டியது. கதவை நகத்தால் பிறாண்ட ஆரம்பித்தார்.

லிஃப்ட் நின்றபோதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நின்றால் கதவு முழுசாக மூடவில்லை என்று அர்த்தம், கீழ் மூலையில் காலால் ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும் என்று எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறாள். ஆனாலும் காலை நகர்த்தவில்லை. ஒரு வருடம் ஏற விட்டவர்கள் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.

“கதவைப் பிறாண்டாதீங்க சார்,” என்றது இருட்டில் தபால்காரரின் குரல். “ஒருதடவை நானும் இப்படி மாட்டினேன். அந்த லிஃப்ட்காரர் மேலேர்ந்து குரல் குடுப்பார். கதவைத் தொடாதீங்க, காத்து வரும், பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்னு. ஆளு வர்றதுக்கு முன்னாடியே பாதி பயம் போயிடும்.”

இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செருமவில்லை, கூட்டம் அடங்கக் காத்திருக்கவும் இல்லை. அழாத குறையாகச் சொன்னார்:

“அந்த ஆளு மட்டும் இப்ப இருந்திருந்தா, இந்நேரம் வெளியே போயிருப்போம்.”

அதைக் கேட்டதும் அவள் உடைந்துபோனாள். ஒரு வருடத்தில் எத்தனை பேச்சு, எத்தனை பலகை, எத்தனை சுற்றறிக்கை. அவரைப் பற்றி ஒரு உண்மையான வார்த்தையை அவள் கேட்டது அப்போதுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தபால்காரரின் கை தடவிக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டது. நீ யாரம்மா என்று மெதுவாகக் கேட்டார். சொன்னாள்.

“வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனேம்மா,” என்றார் பெரியவர்.

“பரவாயில்லை சித்தப்பா,” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள். “கதவைத் தொடாதீங்க. காத்து வரும். பயப்படாதீங்க.” இருட்டில் காலால் தடவிக் கீழ் மூலையைக் கண்டுபிடித்தாள். “நகருடி சக்களத்தி,” என்று ஒரு அழுத்து அழுத்தினாள். லிஃப்ட் முனகியது, ஏறியது.

ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது அரங்கம் முழுவதும் இன்னும் குனிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தது. இயக்குநர் வெளியே வந்தார், சட்டைப்பையிலிருந்து உரையை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். தபால்காரர் உள்ளேயே நின்று, எனக்கு ஆறாவது மாடி, ஒண்ணு கீழே என்றார். யாரோ ஒரு பெண் கோப்போடு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். காவலாளி கையை நீட்டி மறித்துவிட்டு இயக்குநரைப் பார்த்தான்.

“விடுப்பா,” என்றார் இயக்குநர். உத்தரவாக எழுதட்டுமா என்று கேட்ட அடிக்குறிப்பையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அவள் தரைத்தளத்துக்கு வந்து லிஃப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது, ஆள்கள் ஏறினார்கள். மூடியது, மேலே போனது. மறுபடி வந்தது, ஆள்கள் இறங்கினார்கள். ஒருத்தி மகளின் கல்யாணப் பேச்சைப் பேசிக்கொண்டு போனாள். இருவர் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டு போனார்கள். தபால்காரர்கூட, உயிரோடு இருப்பதை எழுதிக்கொடுத்துவிட்ட திருப்தியில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கைகாட்டிவிட்டு ஓடினார். ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட்காரரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பித்தளைப் பலகையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதினாள்: "ஓடுகிறது. பல்பு இன்னும் போடவில்லை." பிறகு எழுந்து, எதிரே இருந்த மின்சாமான் கடைக்குச் சாலையைக் கடந்து போனாள்.